எட்டு வயதைத் தாண்டாத லக்ஷன்

வண்ணக்கர் ஏரம்பமூர்த்திக்கு அன்று காலை ஒன்பது மணிக்கு அவசரமாக ஓர் எட்டு வயதுப் பேரப்பிள்ளை தேவைப்பட்டது.

செட்டிபாளையம் வாசிகசாலையில், றஜிதாவின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார் மனிதர். வாசிகசாலைக்குப் பொறுப்பான அந்தப் பிள்ளை முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கடிதத்தை நீட்டினாள்.

"ஐயா, உங்கட தங்கச்சிட பேரன் லக்ஷனுக்குத்தான் முதல் பரிசு. இருநூற்றிப் பதினாலு புத்தகம் வாசிச்சிருக்கு. புதுக் கட்டடம் திறக்கிற அண்டைக்குப் பிள்ளை மேடைக்கு வரவேணும்."

வண்ணக்கர் கடிதத்துக்குக் கை நீட்டவில்லை. ஏனென்றால், லக்ஷன் என்று ஒரு பிள்ளையே உலகத்தில் கிடையாது.

இது எப்படி வந்தது என்றால், அதற்கு ஐந்து வருடம் பின்னால் போகவேண்டும். கடல் ஊருக்குள் வந்து போன அந்த மார்கழிக்குப் பிறகு மூன்று மாதம் ஏரம்பமூர்த்திக்குச் சாவீடுகளில் நிற்பதே வேலையாகப் போயிற்று. அம்மன் கோயிலின் தலைமைப் பொறுப்பு அவர் கையில். வண்ணக்கர் என்றால் ஊரின் நன்மை தின்மை எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்கவேண்டிய ஆள். நின்றார். எல்லாருக்கும் ஆறுதல் சொன்னார். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது, கண்ணை மூடினால் நித்திரை வராது. அப்படி ஒரு நாள், எங்கிருந்தோ வந்த நிவாரணப் புத்தகப் பெட்டிகளைத் தகரக் கொட்டிலுக்குள் இறக்க ஒரு கை தேவை என்று கூப்பிட்டார்கள். இறக்கும்போது ஒரு பெட்டி பிரிந்து ஒரு படக்கதைப் புத்தகம் காலடியில் விழுந்தது. பெயர் 'தலையில்லாத் தளபதியும் ஏழு நண்டுகளும்', முதலாம் பாகம்.

தாயம் விளையாடித் தன் தலையைத் தோற்றுவிட்ட ஒரு தளபதி. கழுத்தில் ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு தலையைத் தேடிப் புறப்படுகிறான். வழிகாட்டிகள் ஏழு நண்டுகள். ஏழும் பக்கவாட்டாகத்தான் நடக்கும் என்பதால் போகவேண்டிய இடத்துக்கு ஒருநாளும் நேராகப் போய்ச் சேரமாட்டார்கள். பெட்டிக்கு மேலேயே குந்தியிருந்து வாசித்த ஏரம்பமூர்த்தி, ஆறாவது பக்கத்தில் சிரித்துவிட்டார். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதார். அன்றிரவு சோறும் இறங்கியது, நித்திரையும் வந்தது.

மனிதர் அதோடு பிடித்துக்கொண்டார். நிலவுக்கு முறைப்பாடு கொண்டுபோகும் ஆடு, மழைக்காலத்தில் மட்டும் பேசும் குடை, தன் நிழலை வாடகைக்கு விட்ட கிழவி என்று அந்தப் பெட்டிகளுக்குள் இல்லாத கூத்தில்லை. ஆனால் வாசிகசாலைக்கு ஒரு சட்டம் வந்தது. சிறுவர் பகுதிப் புத்தகம் சிறுவர் அட்டைக்கு மட்டும். பெரியவர்களுக்கு வேறு அலுமாரி. அதற்குள் உரம் போடும் முறை பற்றி நாலு புத்தகமும், அரசாங்க வர்த்தமானிகளும், அட்டை கிழிந்த புராண உரைகளும் கிடந்தன. நீங்களே சொல்லுங்கள், பூசணித் தலையனை விட்டுவிட்டு யாராவது உரத்தைப் பற்றி வாசிப்பார்களா?

அப்படிப் பிறந்தவன்தான் லக்ஷன். வயது எட்டு. வாவிக்கு அந்தப் பக்கம் பழுகாமத்தில் அம்மம்மாவோடு இருக்கிறான். அம்மம்மா என்பது ஏரம்பமூர்த்தியின் தங்கச்சி மங்கையற்கரசி. அவளுடைய மூத்த மகள் கலியாணம் கட்டிக் கட்டாருக்குப் போய்விட்டாள், அவளுக்குப் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று இந்தக் கரையில் யாருக்குத் தெரியும்? பிள்ளை ஏன் வருவதில்லை என்று கேட்டால், பாலத்தடியில் சோதனை, வள்ளம் ஓடவில்லை, இந்த நிலைமையில் பிள்ளையை எப்படிக் கூட்டிவருவது என்று சொல்லிவிடுவார். எல்லாரும் தலையாட்டுவார்கள். போர் நடந்த அந்தக் காலத்தில் அதைவிடப் பலமான காரணம் இல்லை.

ஒவ்வொரு தை மாதமும் அட்டையைப் புதுப்பிக்கும்போது வயது என்ற இடத்தில் எட்டு என்றே எழுதுவார். றஜிதாவும் ஒன்றும் கேட்கமாட்டாள். வீட்டில் புத்தகத்தைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துத்தான் வாசிப்பார். வண்ணக்கர் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தனியே சிரிக்கிறார், இந்த முறை வேளாண்மை நல்லாயிருக்கும் போல என்று ஊரில் கதைத்தார்கள்.

போர் முடிந்தது. அதில் ஏரம்பமூர்த்திக்கு எல்லாரையும் போலவே நிம்மதிதான், கோயிலில் விழுந்து கும்பிட்டார். எழும்பும்போதுதான் நினைவு வந்தது. இனிப் பாலம் திறந்துவிடும். ஒரு வருடத்துக்குள் பழுகாமத்துக்கு மணிக்கொரு பஸ் ஓடியது. லக்ஷன் வராமல் இருக்க ஒரு காரணமும் மிச்சமில்லை.

"என்ன ஐயா யோசிக்கிறீங்க?" என்று கேட்ட றஜிதா, மேசை லாச்சியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். "இதுதான் பரிசு. ஒரே ஒரு பிரதிதான் வந்தது."

'தலையில்லாத் தளபதி', பன்னிரண்டாம் பாகம். கடைசிப் பாகம்.

வண்ணக்கரின் கை தானாக நீண்டது. பதினோராம் பாகம் எட்டு மாதமாக அவரிடம்தான் கிடக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில், எழுநூறு தலைகள் அடுக்கிய ஓர் அறைக்கு முன்னால் தளபதி நிற்கிறான். கழுத்தில் பூசணிக்காய் அழுகத் தொடங்கிவிட்டது. பொழுது விடியுமுன் தன் தலையை எடுக்கவேண்டும், ஆனால் தன் முகம் எப்படி இருந்தது என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. கதவு திறக்கிறது. முடிவு அடுத்த பாகத்தில். இந்த அநியாயத்தைத் தாங்கமுடியாமல்தான் அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமல், படங்களில் ஏதாவது துப்பு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை இன்னும் அனுப்பவில்லை என்று றஜிதாவுக்குச் சாட்டு. சிவானுஜா என்ற ஒன்பது வயதுப் பிள்ளை அதற்காகக் காத்திருக்கிறாள் என்று றஜிதா பலமுறை சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளையை அவர் கண்டதில்லை. ஆனால் முந்திய பாகங்களின் ஓரங்களில் அவள் பென்சிலால் எழுதிய கேள்விகளை அறிவார். 'மூன்றாம் நண்டை நம்பாதே' என்று எழுதியிருந்தாள். சரியாகத்தான் எழுதியிருந்தாள். ரெட்டைப் பின்னல் போட்ட கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அவர் மனதில் வந்து நிற்கும், நெஞ்சு குறுகுறுக்கும். ஆனாலும் புத்தகத்தைக் கொடுக்க மனம் வராது.

றஜிதா புத்தகத்தை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினாள். பிள்ளை நேரில் வராவிட்டால் பரிசு இரண்டாவதாக வந்த ஆளுக்குப் போகும் என்பது விதியாம். யார் இரண்டாவது என்று கேட்டார். சிவானுஜா.

அப்போது மூலையில் விரித்த பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தப் பிள்ளைய நானும் ஒருக்கா நேர்ல பாக்கவேணும்."

பத்திரிகை தாழ்ந்தது. கோயில் செயலாளர் தங்கராசா. காதில் எப்போதும் ஒரு பென்சில், வாயில் எப்போதும் ஒரு கேள்வி. வியாழக்கிழமை வயல் காரியமாகப் பழுகாமம் போகிறாராம், மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றிவருவாராம்.

தங்கராசா ஏன் கேட்கிறார் என்று ஏரம்பமூர்த்திக்கா தெரியாது? அந்தக் கோயிலில் வண்ணக்கர் பதவி மகனுக்குப் போகாது. தாய்வழிக் குடியில், சகோதரியின் வழியாகத்தான் போகும். லக்ஷன் என்று ஒருவன் இருந்தால் அவன்தான் நாளைய வண்ணக்கர். இல்லையென்றால் பதவி அடுத்த கிளைக்குப் போகும், அந்தக் கிளையில் தங்கராசாவின் மருமகன் இருக்கிறான். எங்கள் பக்கத்தில் ஒருவரின் தங்கச்சியுடைய பேரப்பிள்ளையை இன்னொருவர் தேடுகிறார் என்றால் வேறு என்ன காரணம் இருக்கமுடியும்?

வீட்டுக்கு ஓடிப்போய்த் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தார். தங்கராசா வந்து கேட்டால் பிள்ளை வீட்டில் இல்லை என்று மட்டும் சொல்லச் சொன்னார். மங்கையற்கரசி நல்ல மனுசி, பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். பழக்கமில்லாதவர்கள் பொய் சொன்னால் அளவு தெரியாது. வியாழக்கிழமை தங்கராசா படலையடியில் வந்து நின்றதும் அவளுக்குப் பதற்றத்தில் நாக்குப் புரண்டது. பிள்ளைக்கு அம்மாள் போட்டிருக்கு, படுத்திருக்கு, ஆரும் வரவொண்ணா என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல் ஒரு கொப்பு வேப்பிலையை முறித்துப் படலையில் செருகியும் விட்டாள்.

"மறுகா என்ன சொன்னான்?" என்று அன்றிரவு தொலைபேசியில் கேட்டார் அண்ணன்.

"அத ஏன் கேக்கிறீங்க அண்ணே. முகம் வெளிறிப்போச்சு. அம்மாள் வந்த வீட்டுப் புத்தகங்கள எரிச்சிடுவாங்களா எண்டு கேட்டான்."

என்ன தந்திரம் பாருங்கள் என்று ஏரம்பமூர்த்தி நினைத்தார். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று விசாரிக்கிறான். வண்ணக்கர் பதவிக்கு வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டுமே.

அடுத்த நாள் விடிய ஊர் முழுக்கச் செய்தி. வண்ணக்கர் குடிப் பிள்ளைக்கு அம்மாள். அம்மை போட்ட குடியில் அம்மனே வந்திருக்கிறாள் என்பது நம்பிக்கை, அந்தக் குடியில் ஒரு வீட்டிலும் எண்ணெய் பொரியக்கூடாது, மீன் மச்சம் கூடாது. இளநீர்க் குலைகள் வீட்டு வாசலில் வந்து இறங்கின. மனைவி பாலசுந்தரிக்கு எல்லாம் தெரியும், பஞ்சாங்கத்துக்குள் என்ன இருக்கிறது என்பது முதல் நாளே தெரியும். அவள் அடுப்படியில் நின்று வாவி இறாலை ஏக்கத்தோடு பார்த்தாள். பக்கத்து வளவுக்கு இறால் ஆணம் கொதிக்கும் மணம் போனால் மானம் போய்விடும். இறாலைப் பூனைக்குப் போட்டாள்.

"உங்கட பேரனுக்கு அம்மாள் இறங்கிற வரைக்கும் இந்த வீட்டில பூசணிக்காய்தான்," என்றாள்.

இருபத்தொரு நாள் பூசணிக்காய். தளபதி கழுத்தில் வைத்திருந்ததைவிடக் கூடுதலாகத் தாம் வயிற்றுக்குள் வைத்திருப்பதாக மனிதருக்குத் தோன்றியது.

அது போதாதென்று தங்கராசா கோயிலில் பிள்ளைக்காக விசேட பூசை ஏற்பாடு செய்துவிட்டார். பிள்ளை சுகப்பட்டு எழும்பவேண்டும், கெதியாக எழும்பவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அவரே அறிவித்தார். குரல் தழுதழுத்தது. அதைக் கேட்ட பெண்களுக்குக் கண்ணீர் வந்தது. எவ்வளவு நல்ல நடிகன் என்று வண்ணக்கர் பல்லைக் கடித்தார். பூசகர் அர்ச்சனைக்குப் பிள்ளையின் நட்சத்திரம் கேட்டார். அம்மனுக்கு முன்னால் நின்றுகொண்டு இன்னொரு பொய் சொல்ல ஏரம்பமூர்த்திக்கு வாய் வரவில்லை. தம்முடைய நட்சத்திரத்தையே சொன்னார். பூரட்டாதி நட்சத்திர லக்ஷனுக்கு மணி அடித்தது. தீபம் காட்டும்போது அம்மன் தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

திறப்புவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. தங்கராசா வாடகைக்கு ஒரு வான் பிடித்துவிட்டார். அம்மாள் இறங்கித் தண்ணி வார்த்தாயிற்றாம், இனிப் பிள்ளையை ஏற்றிவரலாமாம். வண்ணக்கர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றை லக்ஷன் என்று அனுப்பமுடியுமா என்று தங்கச்சியைக் கேட்டார். மங்கையற்கரசி முதல் தடவையாக அண்ணனோடு கோபித்தாள். ஒரு வேப்பங்கொப்பு செருகினதுக்கே நான் நித்திரையில்லாமக் கிடக்கிறன், ஊரான் பிள்ளைக்குப் பொய் படிப்பிக்க ஒண்ணா, என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

சரி, பிள்ளை கட்டாருக்குத் தாயிடம் போய்விட்டான் என்று றஜிதாவிடம் சொல்லிவிட்டார். வான் நின்றது, ஊர் நம்பியது, அன்று மத்தியானமே பாலசுந்தரி மீன் பொரித்தாள். எல்லாம் தீர்ந்தது. ஆனால் மீன் அவருக்கு ருசிக்கவில்லை. கதவு திறக்கிறது, உள்ளே எழுநூறு தலை. அந்தப் புத்தகம் இனிச் சிவானுஜா வீட்டுக்குப் போய்விடும். பரிசுப் புத்தகம் வாசிகசாலைக்குத் திரும்பி வராது. அறுபத்தொரு வயதில், தளபதி என்ன ஆனான் என்று தெரியாமலே செத்துப்போவதா?

பாலசுந்தரி தட்டை எடுக்கும்போது சொன்னாள், "புத்தகம் வாசிக்கிறதுக்கு ஆரும் ஒளிப்பாங்களா? களவெடுத்தாத்தான் ஒளிக்கிறது."

திறப்புவிழா அன்று புதுச் சுண்ணாம்பு மணக்கும் மண்டபத்தில் ஊரே கூடியிருந்தது. ஏரம்பமூர்த்தி மேடையில், சால்வை போட்டு, விருந்தினர் வரிசையில். பிரதம விருந்தினராக ஒரு கல்வி அதிகாரி. முன்வரிசையில் தங்கராசா, முகம் தொங்கிப்போய்.

றஜிதா ஒலிவாங்கிக்கு வந்தாள். "சிறுவர் பகுதி முதல் பரிசு, பழுகாமம் லக்ஷன், எட்டு வயது."

பிள்ளை கட்டாரில் என்று அவளிடம் சொல்லியாயிற்று. இருந்தும் ஏன் கூப்பிடுகிறாள்? ஒருவரும் எழும்பவில்லை. றஜிதா மேடையில் இருந்த யாரையும் பார்க்காமல் இரண்டாம் தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரமும் வராவிட்டால் பரிசு அடுத்த ஆளுக்குப் போகும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, புத்தகத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடித்தாள். அட்டையில் தளபதி நின்றான். கழுத்துக்கு மேலே ஒரு கை மறைத்திருந்தது. தலை கிடைத்ததா இல்லையா என்று தெரியவில்லை.

"லக்ஷன்," என்றாள் மூன்றாம் தரம்.

வண்ணக்கர் எழும்பினார். நேராகத்தான் நடந்தார். ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"லக்ஷன் நான்தான்," என்றார்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளை இல்லை, அம்மாள் இல்லை, கட்டார் இல்லை. நீங்கள் தந்த இளநீர் முழுக்க நான்தான் குடித்தேன். பொய் சொன்னதுக்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இப்போது உங்களிடம் கேட்கிறேன். கடல் கொண்டுபோன பிறகு இந்த ஊரில் எல்லாருக்கும் நான் ஆறுதல் சொன்னேன், எனக்கு ஆறுதல் சொன்னது ஏழு நண்டுகள்.

"ஆனா இருநூற்றிப் பதினாலு புத்தகமும் வாசிச்சது மெய். ஒரு பக்கம் விடல்ல. ஆரும் எந்தக் கேள்வியும் கேக்கலாம். எனக்கு இந்தப் பரிசு வேணும்."

கடைசி வரியைக் கேட்ட பாலசுந்தரி முதலில் கைதட்டினாள். பிறகு பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். பிறகு மண்டபமே எழும்பிவிட்டது. கல்வி அதிகாரி நம்பிக்கையில்லாமல் ஆட்டுக்கு நிலவில் என்ன தீர்ப்புக் கிடைத்தது என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார். வண்ணக்கர் ஆட்டின் குரலிலேயே பதில் சொன்னார். பிள்ளைகள் மேடைக்கு ஓடி வந்துவிட்டார்கள். நிழல் கிழவிக்கு என்ன நடந்தது, குடை ஏன் அழுதது என்று அவர்கள் கேட்க, சால்வை நழுவ நழுவ அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அறுபத்தொரு வயதில் அவ்வளவு சந்தோசத்தை அவர் அதற்கு முன் அனுபவித்ததில்லை. சிறுவர் அட்டைச் சட்டம் இன்றோடு இல்லை, யாரும் எதையும் வாசிக்கலாம் என்று அதிகாரி அந்த இடத்திலேயே அறிவித்தார். பன்னிரண்டாம் பாகம் வண்ணக்கரின் நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

கூட்டம் அடங்க நேரமெடுத்தது. றஜிதா மறுபடி ஒலிவாங்கிக்கு வந்தாள். சிரிப்பை அடக்க அவள் படும் பாடு இப்போதுதான் வண்ணக்கரின் கண்ணில் பட்டது.

"இரண்டாம் பரிசு, சிவானுஜா. ஒன்பது வயது."

வண்ணக்கருக்கு வெட்கம் வந்தது. எட்டு மாதம் காக்க வைத்த பிள்ளை. இன்றைக்கே மன்னிப்புக் கேட்டுப் பதினோராம் பாகத்தைக் கையில் கொடுத்துவிடவேண்டும் என்று கூட்டத்துக்குள் ஒரு ரெட்டைப் பின்னலைத் தேடினார். ஒரு பிள்ளையும் எழும்பவில்லை.

முன்வரிசையில் தங்கராசா எழும்பினார். வேட்டியைச் சரிசெய்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் ஒளித்தார். மேடைக்கு ஏறி வந்து, பரிசைத் திரும்பியும் பார்க்காமல், வண்ணக்கருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"பன்னிரண்ட நீங்களே முதல்ல வாசியுங்க வண்ணக்கர். அந்தப் பதினோராம் பாகத்த மட்டும் தாங்க, எட்டு மாசமா அதுக்காகத்தானே உங்கட பேரனைத் தேடி அலையிறன்."